மேளக் கட்டளை
(இராஜகுளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெருமாள் தெப்பத்திற்கு எழுந்தருளும் ஊர் இராஜகுளம். தெப்பம் நீரில் வலம் வரும்போது நம் கண்கள் விளக்கொளியில் இருக்கும். செவிகள் நாகசுரத்தில் இருக்கும். (பலகைகளில் ‘நாதஸ்வரம்’ என்று எழுதுகின்றனர். நாகசுரம் என்பதே முன்னோர் வழக்கு.) அவ்விசையை அளிப்பவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதே அடியேன் எடுத்துக்கொண்ட பொருள்.

மேளம் வழிபாட்டிற்கு அழகு கருதிச் சேர்த்ததன்று; வழிபாட்டின் உறுப்பு. வைகறைக்குப் பூபாளம், புறப்பாட்டிற்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என வேளைக்கு ஏற்ற முறை உண்டு. மல்லாரி கேட்ட அளவிலேயே, ‘சுவாமி புறப்பட்டுவிட்டார்’ என்று கோலத்தை முடித்துத் தட்டெடுத்து வருவார்கள் தெருக்கோடியில் உள்ள பெண்கள்.

இதனை உணர்ந்தே முன்னோர் இசைவாணர்க்கு வாழ்வு வகுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை இராசராசன் அமர்த்தினான். ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அதாவது கால் கலம். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ, அவருடைய உறவினர் அப்பணியைச் செய்து நெல் பெற வேண்டும். உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவர் வர வேண்டும் என்றும் கல்லில் வெட்டினான். நெல் குடும்பத்திற்கன்று, பணிக்கு என்பது இதன் கருத்து. குடவோலைக்கு விதி வகுத்து 919, 921ஆம் ஆண்டுகளில் கல்லில் பொறித்த உத்திரமேரூர்ச் சபையார் வாழ்ந்த மாவட்டத்தார்க்கு இத்தகைய விதியின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் சிற்றூர்க் கோயில்களிலும் மேளக்காரர்க்கு மானிய நிலம் இருந்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தால் அத்தகைய நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாற்றப்பட்டன. பல ஊர்களில் நிலத்திற்கும் ஊழியத்திற்கும் இருந்த தொடர்பு அற்றுப்போயிற்று.

அவ்விடத்தில் வந்து அமர்ந்தது மின்சார மேளம்! விசையை அழுத்தினால் முரசும் மணியும் தாமே முழங்கும். சம்பளம் கேளாது, உண்மைதான். ஆனால் அதற்குக் காலையும் மாலையும் ஒன்றே. சுவாமி உள்ளே இருக்கிறாரா, வீதியில் வருகிறாரா என்பதும் அதற்குத் தெரியாது. ஒரு பரம்பரையின் இடத்தை ஓர் இயந்திரம் கொண்டதைக் கைங்கரியம் என்று கல்லில் பெயர் பொறித்து வைக்கிறோம். இது எனக்கு உடன்பாடன்று.

நாகசுரக்காரருக்கு ஆகும் செலவை எவரும் கணக்கிடுவதில்லை. ஆச்சா மரத்தில் கடைந்த நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அதனை வாங்குவதோடு செலவு முடிவதில்லை. சீவாளி தேயும், பிளக்கும்; அடிக்கடி புதிது வேண்டும். தவிலின் தோல் மழையில் தளரும். வார் பிடிக்க ஆள் தேட வேண்டும். வருவாயோ முகூர்த்த மாதங்களில் மட்டும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. மார்கழியில் சென்னைச் சபைகளில் கச்சேரிகள் பெருகினாலும், நாகசுரத்திற்குப் பெரும்பாலும் தொடக்கநாள் மங்கள இசையே வாய்க்கிறது; நாற்காலிகள் நிறைவதற்குள் அதுவும் முடிந்துவிடும்.

2020இல் கொரோனாவால் கோயில் நடை சாத்தப்பட்டபோது திருமணமும் இல்லை, திருவிழாவும் இல்லை. நிலையான மாதச் சம்பளமின்றித் திருக்கோயில்களில் பணிபுரிந்தோர்க்கு 2021 ஜூனில் அரசு 4000 ரூபாயும், 10 கிலோ அரிசியும், 15 வகை மளிகைப் பொருள்களும் வழங்கியது. நலிந்த கலைஞர்க்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியே மாத உதவியும் உண்டு. இவை நலிந்தபின் தாங்கும் கைகள். நலியாமல் காப்பது ஊரார் கடமையன்றோ?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு இலட்சம் ரூபாயை வைப்புநிதியாக வைத்தால், நூற்றுக்கு ஆறு வட்டியில் ஆண்டுக்கு 6000, மாதத்திற்கு 500 கிடைக்கும். இருவர் நாள்தோறும் வாசிக்க இது போதாது. ஆனால் அருகிலுள்ள நான்கு ஊரார் இவ்வாறு தனித்தனியே வைத்து, ஒரே மேளத்தாரைக் கிழமை முறையில் அழைத்தால் மாதம் 2000 ரூபாய் நிலையாகும். திருவிழாச் சன்மானமும் திருமண வருவாயும் அதற்கு மேல். பாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே சில ஆண்டுகளில் அந்நிதி சேர்ந்துவிடும்.

கட்டளை வைக்க விரும்புவோர் திருக்கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும்போது ‘மேளத்திற்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாள், எந்தக் காலப் பூசை, நாகசுரம் ஒருவர், தவில் ஒருவர் என்று தெளிவாகக் குறியுங்கள். இயந்திரத்திற்கு அன்று என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.