படிவத்துக்கும் வேண்டும் முளைப்புத் திறன் சோதனை

விதைப்பதற்கு முன் விதையின் முளைப்புத் திறனைச் சோதித்துப் பார்க்கிறோம். நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணுகிறோம். நெல்லாக இருந்தால் 80க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். குறைந்தால் அந்த விதையை வயலுக்குக் கொண்டு போவதில்லை. மூட்டை விதையையும் நாற்றங்காலில் கொட்டிவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, நூறு விதையிலேயே உண்மையைத் தெரிந்துகொள்வது மேலல்லவா?

இதே விவேகம் இன்று இன்னொன்றுக்கும் தேவைப்படுகிறது. செல்போனில் வரும் கருத்துக் கணிப்புப் படிவமே அது.

2002ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டபின், விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து உற்பத்தியாளர் நிறுவனம் நடத்த வழி பிறந்தது. 2020இல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இவை வெறும் சங்கங்கள் அல்ல. வாணிகம் செய்யும் நிறுவனங்கள். யாருக்கு எவ்வளவு விதை வேண்டும், யாரிடம் எவ்வளவு விளைபொருள் விற்பனைக்கு இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் இவை நட்டமில்லாமல் நடக்கும். வீடு வீடாகப் போய்க் கேட்க நாள் பல ஆகும். ஆகவே கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற இணையவழிக் கருவியில் ஒரு படிவம் தயாரித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். செலவில்லாத நல்ல வழிதான். ஆனால் அந்தப் படிவம் சோதிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

ஒரு கேள்வி, இரண்டு கணக்கு

“சாகுபடிப் பரப்பு எவ்வளவு?” என்று படிவத்தில் ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பவர் மனத்தில் இருப்பது ஏக்கர். பதில் எழுதுகிறவர் பட்டாவை எடுத்துப் பார்க்கிறார். நம் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் நிலத்துக்கு அதில் ஏறத்தாழ 0.81 என்று இருக்கும். அவர் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறார். நிறுவனம் அதை முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறது.

உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை என்று கணக்கிட்டால், அவருக்கு வேண்டியது 16 கிலோ. நிறுவனம் வாங்கி வைப்பதோ ஆறரைக் கிலோ. காவிரிப் பாசனப் பகுதியில் இன்னும் பலர் மா, வேலிக் கணக்கில் பேசுகிறார்கள். ஏறத்தாழ மூன்று மா கொண்டது ஓர் ஏக்கர். “6” என்று அவர்கள் எழுதினால் அது ஆறு ஏக்கரா, ஆறு மாவா? பருவம் வந்து விதை பற்றாக்குறையாகும்போதுதான் இந்தக் குழப்பம் வெளியே தெரியும். அப்போது திருத்த நேரம் இராது.

பிழை யாருடையது?

இப்படி நேரும்போது, “நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியவில்லை” என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியன்று. பலர் ஒரே இடத்தில் தவறினால், குறை அந்த இடத்தில் இருக்கிறது, ஆட்களிடம் இல்லை.

படிப்பறிவு மிகுந்த நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2000 நவம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில், முதியோர் படிக்க எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு வாக்குச் சீட்டில் எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள். இடம் போதாமல் பெயர்கள் இரண்டு பக்கங்களுக்குப் பரவின. துளையிடும் இடங்கள் மட்டும் நடுவில் ஒரே வரிசையாக நின்றன. எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்று பலர் குழம்பினர். ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டதால் அந்த மாவட்டத்தில் 19,000க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாதவையாயின. மாநிலம் முழுவதிலும் வெற்றி வித்தியாசமோ 537 வாக்குகள்தான். நல்லெண்ணம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எத்தனை பேரிடம் சோதிப்பது?

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இருவர் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவரைக் கொண்டு சோதித்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான குறைகள் தெரியவரும். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். அதற்குமேல் ஆட்களைக் கூட்டினால் பெரும்பாலும் பார்த்த குறைகளையே மீண்டும் பார்ப்போம். ஆகவே ஒரே தடவையில் 15 பேரிடம் சோதிப்பதைவிட, ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, வேறு ஐந்து பேரிடம் மறுபடி சோதிப்பதே நன்று.

ஆனால் அந்த ஐந்து பேர் யார் என்பது முக்கியம். மண் மாதிரி எடுக்கும்போது வரப்போரத்தில் மட்டும் எடுக்கிறோமா? வயலின் பல இடங்களிலும் எடுக்கிறோம். அதுபோல, கண்ணாடி போட்டுப் படிக்கும் பெரியவர் ஒருவர், வீட்டுக்கு ஒரே செல்போன் உள்ள குடும்பத்துப் பெண் ஒருவர், சிக்னல் சரியாகக் கிடைக்காத குக்கிராமத்தவர் ஒருவர், குத்தகைக்குப் பயிர் செய்பவர் ஒருவர், இளைஞர் ஒருவர் என்று தேர்ந்தெடுங்கள். குத்தகைதாரரை மறவாதீர்கள். “பட்டா எண்” என்பதைக் கட்டாயக் கேள்வியாக வைத்திருந்தால், தம் பெயரில் பட்டா இல்லாத அவர் அதைத் தாண்டிப் போகவே முடியாது. விதைப் பட்டியலிலிருந்தே அவர் விடுபட்டுப் போவார். அவர் விடுபட்டது நிறுவனத்துக்குத் தெரியவும் தெரியாது.

சோதனை செய்யும் முறை

1. அலுவலகக் கணிப்பொறியில் காட்டக் கூடாது. உறுப்பினரின் சொந்த செல்போனில், அவர் இருக்கும் இடத்திலேயே நிரப்பச் சொல்ல வேண்டும்.

2. “ஐயா, நாங்கள் சோதிப்பது இந்தப் படிவத்தைத்தான், உங்களை அல்ல” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

3. ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். “இந்தப் பருவத்துக்கு உங்களுக்கு வேண்டிய உளுந்து விதையைப் பதிவு செய்யுங்கள்” என்பது போதும்.

4. மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்பச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்த முறையைக் கணினிப் பயன்பாட்டுச் சோதனைக்குக் கொண்டுவந்தார்.

5. இடையில் உதவக் கூடாது. “தம்பி, இதில் என்ன போடணும்?” என்று கேட்டால், “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். இது கடினந்தான்; ஆயினும் அவசியம். படிவம் ஊரெல்லாம் போகும்போது பக்கத்தில் நாம் இருக்கப் போவதில்லை.

6. எந்தக் கேள்வியில் நின்றார், எங்கே திரும்பிப் போனார், எந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார் என்று இன்னொருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

7. முடிந்தபின், அவர் எழுதிய பதிலையும் உண்மை நிலவரத்தையும் ஒப்பிட வேண்டும். பரப்புக் குழப்பம் இங்கேதான் பிடிபடும்.

8. படிவத்தைத் திருத்தியபின், சோதனையில் வந்த பதில்களை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அவையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

“படிவம் எப்படி இருந்தது?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நம் மக்கள் மரியாதை கருதி, “நல்லாத்தான் இருக்குது” என்பார்கள். சொல்வதைக் கேட்பதைவிடச் செய்வதைப் பார்ப்பதே சோதனை.

அளப்பது எதை?

9241-11 என்னும் பன்னாட்டுத் தர நெறி, பயன்பாட்டு எளிமையை மூன்று வகையில் அளக்கச் சொல்கிறது. எடுத்த காரியத்தைச் சரியாக முடித்தாரா? எவ்வளவு நேரமும் முயற்சியும் செலவாயின? மனநிறைவு ஏற்பட்டதா? இந்த மூன்றுக்கும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு வரியாக எழுதினால் போதும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

படிவத்தைப் போலவே கருவியையும் சோதிக்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் பதில் அனுப்ப இணையத் தொடர்பு வேண்டும். கோபோ டூல்பாக்ஸ் போன்ற கருவிகளில், பணியாளர் ஒருவர் சிக்னல் இல்லாத இடத்திலும் பதில்களைப் பதிந்து வைத்து, பிறகு அனுப்பலாம். கூகுள் ஃபார்ம்ஸில் பட்டா நகலைப் படமாக இணைக்கச் சொன்னால், கணக்கில் உள்நுழைந்தால்தான் முடியும். கடவுச்சொல் மறந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போட்ட கேள்விகள் கணிப்பொறியில் அழகாகத் தெரியும். சிறிய செல்போனிலோ பாதிக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடும். இவற்றையெல்லாம் கருவியை விற்பவர் சொல்வதிலிருந்து அறிய முடியாது. நம் உறுப்பினர் கையில் கொடுத்துத்தான் அறிய வேண்டும்.

வினாக்களை எழுதும்போது நினைவில் கொள்ள வேண்டியவை

அலகைக் கேள்வியிலேயே எழுதுங்கள்: “எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட்?” மூட்டை என்று கேட்காதீர்கள், ஊருக்கு ஊர் எடை மாறும், கிலோவில் கேளுங்கள். “விதையின் தரமும் விலையும் திருப்தியா?” என்று இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள், தரம் நன்று, விலை அதிகம் என்பவர் என்ன பதில் சொல்வார்? பயன்படாத கேள்வியைக் களையெனக் கருதிப் பிடுங்கிவிடுங்கள்.

உறுப்பினர்களாகிய உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவத்தில் ஒரு கேள்வி புரியவில்லையென்றால், எதையாவது எழுதி அனுப்பிவிடாதீர்கள். “இந்தக் கேள்வி விளங்கவில்லை” என்று நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். உங்களுக்கு விளங்காதது இன்னும் பலருக்கும் விளங்கியிராது.

அடுத்த பருவத்து விதைத் தேவையைக் கேட்கும் படிவம் தயாரானதும், அதை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். ஐந்து உறுப்பினர்களின் பக்கத்தில் அமர்ந்து, வாய் திறவாமல் பாருங்கள். ஒரு பிற்பகல் உழைப்பு, ஒரு பருவத்து விதையைக் காக்கும்.