திரையில் ஓர் ஆய்வுக்கூடம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பழைய காந்தளூர்ச் சாலை என்னும் கல்விக்கூடத்தோடு வரலாற்றாசிரியர் பலர் இணைத்துப் பேசும் வலியசாலையில் கூடியிருக்கிறோம். ஆகவே கல்வியைப் பற்றியே பேச விழைகிறேன்.

2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் கார்ல் வீமன். மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்; பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் அதற்கே ஈந்தார். அறிவியல் சோதனைகளைக் குழந்தைகள் கணிப்பொறித் திரையில் தாமே செய்து பார்க்கலாம். கட்டணம் ஏதுமில்லை.

மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். மின்கலத்தையும் பல்பையும் கம்பியால் இணைத்தால் விளக்கு எரியும். கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நீலமணிகளாய் ஊரும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அவை விரையும். தவறாக இணைத்தால் மின்கலம் தீப்பற்றும். திரையில்தான், பாட்டிமார் அஞ்சவேண்டாம்! பள்ளி ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரானைக் கண்டவர் யார்? 2005-இல் அப்பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், திரையில் பயின்ற மாணவர்கள், உண்மைச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் கருவிகளைக்கொண்டு பயின்றோரை விஞ்சினர். எனக்கே இது வியப்பு. ஆயினும் எரியும் பல்பின் சூடு விரலில் படும் அனுபவத்தைத் திரை தராது.

பூஜப்புரையில் இயங்கும் கைட் நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்கு அளிக்கும் கட்டற்ற மென்பொருளில் ஃபெட் சோதனைகள் இடம்பெற்றுள்ளன. நம் பிள்ளைகளுள் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர்; 'மின்தடை' என்றால் விழிக்கின்றனர். ஃபெட்டில் தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு. இன்றிரவே பேரப்பிள்ளைகளிடம், "இந்த விளக்கைக் கொஞ்சம் மங்கச் செய், பார்ப்போம்" என்று கேளுங்கள். எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்பதை அவர்கள் தமிழில் சொல்லட்டும்.