ஹிரோஷிமாவில் பார்த்த கல்

(பாறசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொச்சியில் சிறு தேநீர்க் கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதியர், நாளும் 300 ரூபாய் ஒதுக்கி, கடனும் வாங்கி, 25-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள்; விஜயன் 2021-இல் மறைந்தார். அந்தத் துணிவில்தான் நாங்கள் இருவரும் சீட்டுப் பணத்தில் எட்டு நாள் ஜப்பான் போய்வந்தோம். "ரெயில்வே குமாஸ்தாவுக்கு ஜப்பானா?" என்று நெய்யாற்றின்கரையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

டோக்கியோ, கியோட்டோ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1964 முதல் ஓடும் அதிவேக ரெயிலில், டிக்கெட் பரிசோதகர் பெட்டிக்குள் வந்ததும் பயணிகளுக்குத் தலை வணங்குகிறார். வீட்டுக்காரி நம்மை ஒரு பார்வை பார்த்தார்!

ஹிரோஷிமாவில்தான் கால் நின்றுவிட்டது. 1945 ஆகஸ்டு 6-இல் விழுந்த அணுகுண்டில் ஜப்பானியர் மட்டுமா செத்தார்கள்? அன்று ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்த கொரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள், வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்கள் எனப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களுக்கு 1970-இல் கல் நாட்டினார்கள். எங்கே? அமைதிப் பூங்காவுக்குள் அல்ல, ஆற்றின் அக்கரையில். ஆமையின் முதுகில் நிற்கும் அந்தக் கல் பூங்காவுக்குள் வர 1999 ஆயிற்று. செத்த பிறகும் வெளியூரான் வெளியூரான்தான்!

இங்கே மட்டும் என்ன? கல்குவாரியிலும் கட்டடத்திலும் விழுந்து மாண்ட நம்மவரை "ஒரு தமிழன்" என்று மட்டும் சொல்லி, வண்டியில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்பியதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

இதோ, மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படிப் போனவரின் பெயர், ஊர், வேலை செய்த இடம், நாள் எல்லாம் தெரிந்தவரை சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதுகிறோம். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. அதுவரை இங்கேதான் இருப்போம்.