பெயரிடுதலும் பொறுப்பே
(கணினி பயிலும் மாணவர் மன்றத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் இம்மன்றத்து மாணவர் நால்வர் என் இல்லம் போந்தனர். தமிழ்த் தொடர்களிற் புணர்ச்சியைப் பிரித்துக் காட்டும் நிரலகம் ஒன்றை எழுதி முடித்துள்ளதாகவும், அதனைத் திறமூலமாக உலகுக்கு அளிக்கவிருப்பதாகவும் கூறி, நல்லதொரு பெயர் வேண்டினர். நான் சற்றும் எண்ணாது சோழப் பேரரசன் ஒருவன் பெயரைச் சொன்னேன். அவர்களும் மகிழ்ந்து சென்றனர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் வழங்கியது பெயரன்று, வெறும் பெருமிதம். அப்பெயரைக் கேட்கும் எவர்க்கும் அந்நிரலகம் என்ன செய்யும் என்பது விளங்காது. அப்பிழையைத் திருத்தவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

நிரலகம் என்பது, ஒருவர் ஆக்கிய நிரற்கூறுகளைப் பிறரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைத்தது. திறமூலமாயின் யாரும் அதனைப் பார்க்கலாம்; திருத்தலாம்; பரப்பலாம். முன்பின் அறியாதார் கைக்குச் செல்லும் அப்பொருளோடு ஆக்கியோன் உடன்சென்று விளக்கம் கூறவியலாது. எனவே, பெயரே முதல் விளக்கம்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, அவற்றுட் பொது, சிறப்பு எனவும் காட்டும் நன்னூல். பறவை என்பது காரணப்பொது. மரங்கொத்தி என்பது காரணச்சிறப்பு. நிரலகத்துக்கு வேண்டுவது மரங்கொத்தியே! பேரைச் சொன்ன அளவில் அதன் தொழில் தெரிகின்றதன்றோ? புணர்ச்சி ஒன்றையே பிரிக்கும் நிரலகத்துக்கு 'இலக்கணம்' என்று பெயரிட்டால், ஊர்ப்பொதுக் கிணற்றுக்குத் தனியொருவர் வேலியிட்டது போலாகும்.

பைத்தான் மொழியின் பெயர் பாம்பினின்று வந்ததன்று. ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றினின்று வந்தது. அம்மொழிக்குரிய நிரலகங்களுள் 'நம்பை' என்பது எண்ணையும் பைத்தானையும் இணைத்த பெயர், தொழிலை உணர்த்துகின்றது. வலைப்பக்கக் குறியீடுகளினின்று செய்திகளைப் பிரித்தெடுக்கும் நிரலகத்துக்கோ 'பியூட்டிபுல் சூப்' என்று பெயர்! இலூயி கரோலின் ஆலிசு கதையில் வரும் பாட்டொன்றின் பெயர் அது. அழகிய வடிசாற்றுக்கும் வலைப்பக்கத்துக்கும் என்ன தொடர்பு? நிறுவுங்கால் அதற்கு ஒரு பெயர். நிரலுள் அழைக்குங்கால் 'பிஎசு4' என வேறொரு பெயர். இத்தகைய பெயர்களும் புகழ் வந்தபின் நிலைத்துவிடும், உண்மை. ஆனால், புகழ் வருமுன் தேடி வருவோன் எங்ஙனம் கண்டடைவான்?

பெயரால் விளைந்த தீங்குகளும் உள. 2016 மார்ச்சுத் திங்களில், 'கிக்' என்னும் நிரலகப் பெயர் குறித்து நிரலர் ஒருவர்க்கும் அதே பெயருடைய நிறுவனத்துக்கும் பூசல் எழுந்தது. என்பிஎம் பதிவகம் பெயரை நிறுவனத்துக்கு அளித்தது. சினந்த நிரலர் தம் நிரலகங்கள் அனைத்தையும் அங்கிருந்து நீக்கினார். அவற்றுள் 'இலெப்ட்-பேட்' என்பது வெறும் 11 வரி. அதனை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் உலகெங்கும் தடைப்பட்டன. 2017-இல், 'கிராசு-என்வ்' என்னும் நிரலகப் பெயரினின்று இடைக்கோட்டை மட்டும் நீக்கி, அதேபோன்ற பெயரில் கள்ள நிரலகம் ஒன்று வைக்கப்பட்டது. எழுத்துப் பிழை செய்தோரின் மறைச்செய்திகளை அது களவாடிற்று. ஆதலின், பெயரிடுமுன் பதிவகங்களில் தேடுங்கள். பிறர் பெயரை ஒட்டியும் உரசியும் நிற்கும் பெயரை விலக்குங்கள்.

இனி நம் தமிழுக்கு வருவோம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 தொட்டு, நிரலுள் வரும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். ஆயினும், பைத்தான் பதிவகத்தில் நிரலகப் பெயர் உரோம எழுத்திலும் எண்ணிலும் சில குறிகளிலுமே அமைதல் வேண்டும். உருவொத்த வேற்றெழுத்துகளால் ஏமாற்று நிகழும் என்னும் அச்சத்தில் உண்மையுண்டு. ஆனால், அதற்காக நம் எழுத்தை வாயிலிலேயே நிறுத்துவது முறையா? அதனை மாற்றக் கேட்பது உங்கள் கடமை. மாறும்வரை என் செய்வது? ழகரத்தை ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறுவாறும் உரோம எழுத்தில் எழுதுகின்றனர். எனவே, ஐயத்துக்கு இடந்தரும் எழுத்துகள் குறைந்த சொல்லைத் தேர்க. ஒரே எழுத்துக்கோவையை உறுதி செய்க. விளக்கவுரையின் முதல்வரியில் தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்திலேயே பொறித்திடுக.

இவற்றையெல்லாம் நேற்று அந்நால்வரிடம் கூறத் தொடங்கினேன். அவர்களுள் ஒரு பெண் இடைமறித்து, "ஐயா, பொறுத்தருளுங்கள், தாங்கள் தந்த பெயரை நாங்கள் இடவில்லை. 'புணர்பிரி' என்று பெயரிட்டுவிட்டோம்" என்றாள். சிறு சொல்; தூய சொல்; செய்தொழில் சொல்லும் சொல். ஆசிரியனுக்கு இதனினும் மகிழ்ச்சி வேறுண்டோ?

தோழர்களே! மன்னர் பெயர்கள் வரலாற்றில் வாழட்டும். உங்கள் ஆக்கத்துக்கு அதன் தொழிலையே பெயராக்குங்கள். அதனை எடுத்தாளும் அயலானும் ஒரு தமிழ்ச்சொல்லைப் பொருளோடு கற்றுச் செல்வான்.

வாழ்க தமிழ்!