கொக்கு என்று எழுதினால் போதுமா?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

பத்தாண்டு நிறைவுறும் இந்நன்னாளில் என் பிழை ஒன்றை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. அதற்காகப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்றேன். தனித்து நின்ற வெண்கொக்கு ஒன்றைப் படமெடுத்தேன். மஞ்சள் அலகு, கரிய கால், நெடிய கழுத்து. 'பெரிய வெள்ளைக் கொக்கு' என்று குறித்தேன். அன்றிரவே அதன்மீது கவிதையும் எழுதி நம் வட்டத்தில் படித்தேன், பாராட்டினீர்கள். கூட்டம் முடிந்தபின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த இளைஞர் ஒருவர், "ஐயா, வாய்க்கோடு எங்கே முடிகிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

பெரிய வெள்ளைக் கொக்கிற்கு வாய்க்கோடு கண்ணைக் கடந்து பின்னே நீளும். நடுத்தர வெள்ளைக் கொக்கிற்குக் கண்ணின் கீழேயே நின்றுவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு கண்ணின் கீழேயே நின்றது. மறுநாளே பதிவைத் திருத்தினேன்.

நம் ஊர் ஏரிகளில் வெண்கொக்கு நால்வகை உண்டு. சிறிய வெள்ளைக் கொக்கிற்குக் கரிய அலகு. கரிய காலின் கீழே மஞ்சள் பாதம். மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கிற்குக் குட்டையான மஞ்சள் அலகு. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் பூசிக்கொள்ளும். எஞ்சிய இரண்டுமே அயர்வு தருவன. மற்றக் காலத்தில் மஞ்சளாயிருக்கும் அவற்றின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். ஆகவே, நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். வாய்க்கோடு மாறுவதில்லை.

படம் பொய் சொல்லாது என்பார்கள். படம் ஒரு நொடியின் உண்மையை மட்டுமே சொல்லும். அருகே வேறு பறவை இல்லாவிடில் உருவின் அளவு தெரியாது. சேற்றில் நின்றால் பாதத்தின் நிறம் மறையும். எதிர்வெயிலில் கரிச்சானும் காக்கையும் ஒரே கருமையாகும். எனவே ஒரு படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று, சிறகு விரிந்தபோது ஒன்று, நின்ற இடத்தைக் காட்ட ஒன்று எனப் பல வேண்டும். நிறத்திற்கு முன்னே வடிவைப் பார்க்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும் இயற்கையியல் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஒரு பெயர் பிழைத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நடு இந்தியக் காடுகளின் சிற்றாந்தை ஒன்றின் வரலாற்றைச் சொல்கிறேன். 1872இல் முதன்முதல் கிடைத்தது. 1884க்குப் பின் ஐயமற்ற சான்று எதுவும் இல்லை. 1914இல் தாம் சேகரித்ததாக ஆங்கிலேயர் மைனர்ட்சாகன் வைத்திருந்த பதப்படுத்திய உடல், அருங்காட்சியகத்திலிருந்து திருடிப் புதிதாய்த் தைத்து, பொய்ச்சீட்டு ஒட்டியது எனப் பின்னாளில் தெரிந்தது. 1968இல் அப்பறவையின் படமென்று காட்டப்பட்டது, நம் ஊர்களிலும் காணும் புள்ளி ஆந்தையின் படமாய் முடிந்தது. பொய்ச்சீட்டின் வழியே தேடியவர்கள் தவறான காட்டிலே தேடினர். பமீலா ராஸ்முசனும் தோழர்களும் பொய்யை விலக்கி, மெய்யான பழைய குறிப்புகள் காட்டிய இடங்களில் தேடினர். 1997 நவம்பரில் மகாராட்டிரத்தில் அவ்வாந்தை பகல் வெளிச்சத்தில் கிளையில் அமர்ந்திருந்தது. உச்சந்தலையில் புள்ளிகள் ஏறத்தாழ இல்லை. வாலில் அகன்ற வெண்பட்டைகள். நூற்றுப்பதின்மூன்று ஆண்டுக்காலம் உலகு காணாதிருந்த பறவை!

சில வேளைகளில் 'தெரியவில்லை' என்பதே சரியான விடை. குளிர்காலத்தில் வயலுக்கு வரும் ஊசிவால் உள்ளானையும் அதன் நெருங்கிய உறவான சுவின்கோ உள்ளானையும் நின்ற நிலையில் பிரித்தறிவது வல்லுநர்க்கும் அரிது. வால் விரிந்து ஓர இறகுகள் தெளிவாய்த் தெரிந்தால்தான் உண்டு. அங்கே 'உள்ளான், இனம் உறுதியில்லை' என்று எழுதுபவரே நேர்மையாளர்.

கவிஞர்களே, இது நமக்குப் புதிய பாடமன்று. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதனுப்பியபோது வெறும் பறவை என்று விளிக்கவில்லை. காலின் நிறம், அலகின் நிறமும் வடிவும், அது செல்லும் திசை ஆகிய அனைத்தையும் சொன்னார். பறவை நோக்குவோர் குறிப்பேட்டில் எழுதுவனவும் இவையே. அதனாலன்றோ இன்றும் அதைச் செங்கால் நாரை என்று அடையாளம் காண முடிகிறது! பசியிலும் அப்புலவர் கண் தவறவில்லை. வயிறு நிறைந்த நான் தவறினேன்.

நம் அண்டைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாயிற்று. 2022இல் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று ஆண்டாண்டாய் எழுதிவைத்தவர்களின் ஏடுகள் அதற்காகப் பேசிய சாட்சிகளுள் சேரும். பெருங்களத்தூர் ஏரிக்கும் பீர்க்கன்கரணை ஏரிக்கும் அத்தகைய சாட்சி நாளை வேண்டியிருக்கும். பிழைபட்ட சாட்சியம் ஒன்று கிடைத்தால், மெய்யான நூற்றையும் ஐயுற ஆள் உண்டு.

ஆகவே, வரும் தை மாதம் ஒரு காலையில் நம் வட்டத்தார் அனைவரும் ஏரிக்கரையில் கூடுவோம் என்று வேண்டுகிறேன். என் கவிதையை இம்மலரில் சேர்க்க ஆசிரியர் குழு கேட்டது. 'பெரிய' என்ற சொல்லை எடுத்தால் ஓசை தட்டுகிறது. ஓசையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன், சொல்லை மீண்டும் வைக்கமாட்டேன். என்னைக் கேள்வி கேட்ட அந்த இளைஞருக்கு இந்த அவையில் என் நன்றியைத் தெரிவித்து அமைகிறேன்.