கணக்கு ஏடும் அமானிதமே!

(சிறு வியாபாரிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



 

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், மதரஸாவில் ஓதும் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது சொர்க்கத்தையோ நரகத்தையோ பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனை எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், சிறிய தொகைதானே என்று சலிப்படையக் கூடாது என்பது அதன் கருத்து.

நம் பாட்டன்மார் பேரேட்டில் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இன்று அந்தப் பேரேடு எங்கே இருக்கிறது? கல்லா மேசையிலுள்ள கம்ப்யூட்டரில்; நம் சட்டைப்பையிலுள்ள செல்போனில். பெட்டிக்குப் பூட்டுப் போட்ட சமுதாயம் இதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறதா? சிந்தித்துப் பாருங்கள்!

“நம்முடையது சின்னக் கடை, நம்மை எவன் தாக்கப் போகிறான்?” என்று சிலர் கேட்கிறார்கள். சகோதரர்களே, வைரஸ் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை; திறந்து கிடக்கும் கதவைத்தான் தேடுகிறது. 2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமை, ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் கிளம்பியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறந்துவிட 300 டாலர் கப்பம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதமே இலவசமாக வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் சிக்கினார்கள்.

பெரிய கம்பெனிக்கு இது ஒரு வார நஷ்டம். சிறு வியாபாரிக்கோ கணக்கு அழிந்தால் கடையே அழிந்த மாதிரி. நமக்கு வர வேண்டிய பாக்கி தெரியாமல் போனால் ஸப்ரு செய்துகொள்ளலாம். நாம் தர வேண்டிய பாக்கி தெரியாமல் போனால்? கம்ப்யூட்டரில் அழிந்த கடன் அல்லாஹ்விடத்தில் அழிந்துவிடாது! ஆகவேதான் சொல்கிறேன், அந்தக் கணக்கு நம் சொத்து மட்டுமல்ல, பிறருடைய அமானிதம்.

அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

எப்படிக் கட்டுவது? தினமும் கடை சாத்துமுன் கணக்கைத் தனி டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியபடியே விட்டால் அதையும் வைரஸ் பூட்டிவிடும். அந்த நகலே உங்கள் இரண்டாவது சாட்சி. கம்ப்யூட்டரும் செல்போனும் கேட்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்காதீர்கள். சரக்கு அனுப்புகிறவர் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பினால், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்பவன் திருடன்.

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில், இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூ.ஆர். அட்டை மீது திருடர்கள் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். பணம் செலுத்தும்போது வேறு பெயர் வருவதைக் கண்ட பிறகே விஷயம் வெளிப்பட்டது. எனவே காலையில் கடை திறந்ததும் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால்? இங்குதான் நம்மவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். வெளியே சொன்னால் கௌரவம் போய்விடும் என்று மூடி மறைக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் திருடன், நீங்களல்ல! உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்த அதுவே வழி. நம் கவனக்குறைவால் ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. ஆகவே, வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் நஷ்டம்தான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜமாஅத்தார் அவர்களில் இருவரைப் பொறுப்பாக நியமித்து, மாதம் ஒரு முறை கடை கடையாக அனுப்புங்கள். முஸ்லிம் கடை, மாற்று மதச் சகோதரர் கடை என்று பாகுபாடு வேண்டாம். திருடன் பாகுபாடு பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் புகார் எழுதிக் கொடுங்கள். காவல் நிலையத்துக்குத் துணையாகச் செல்லுங்கள். தனியாகப் போகும் பெட்டிக் கடைக்காரரின் குரல் அமுங்கிவிடும். ஜமாஅத்தோடு போனால் கேட்கப்படும்.

நம் ஹலாலான சம்பாத்தியத்தையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.