உத்தம க்ஷமை: கேட்பதும் அளிப்பதும்

(கொல்லிமலை வாசலூர்பட்டியில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)

  

தசலட்சண பருவத்தின் முதல் அறம் உத்தம க்ஷமை. பருவம் நிறைந்தபின் வரும் க்ஷமாவணி நாளில் ஒருவரிடம் ஒருவர் பிழைபொறுக்க வேண்டுகிறோம். இக்காலத்தில் கைப்பேசிச் செய்தியொன்று நொடியில் இருநூறு பேருக்குச் சென்றுவிடுகிறது. ஆனால் யாரிடம் உண்மையாகக் கேட்க வேண்டுமோ, அவர் பெயர் அப்பட்டியலில் உள்ளதா?

பார்சுவநாதரின் பிறவி வரலாற்றை நினையுங்கள். முதற்பிறவியில் அவர் மருபூதி. தமையன் கமடன், தம்பியின் மனைவியிடம் நெறிதவறினான். அரவிந்த மன்னன் அவனை நாடுகடத்தினான். தீங்குற்ற மருபூதியே தமையனைத் தேடிச் சென்று பணிந்தான். கமடனோ தவக்கோலத்தில் ஏந்தியிருந்த கல்லை அவன் தலைமேல் எறிந்தான். இறக்கும் வேளையில் வேதனையால் மனங்கலங்கிய மருபூதி, அடுத்த பிறவியில் யானையானான். பத்தாம் பிறவியில்தான், அப்பகை புயலாய்ச் சூழ்ந்தபோதும் பார்சுவராய் அசையாது நின்றார். கழுகுமலைப் பாறைச் சிற்பத்தில் கல்லேந்திய கமடனையும் படம் விரித்துக் காக்கும் தரணேந்திரனையும் இன்றும் காணலாம்.

பொறை ஒரே நாளில் கைவருவதன்று. இம்மலைக்கே 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்துதானே வந்தோம்!

பொறுத்தல் என்பது நீதியைக் கைவிடுதலும் அன்று. திருக்குறளில் பிறனில் விழையாமை 15ஆம் அதிகாரம்; பொறையுடைமை அதற்கு அடுத்தது. குற்றத்தைக் குற்றமென்று உரைத்த பின்னரே பொறை பேசப்படுகிறது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். வரப்புத் தகராற்றால் பங்காளி ஒருவருடன் பதினோராண்டுகள் பேசாதிருந்தேன். க்ஷமாவணிதோறும் ஊரார் அனைவரிடமும் கைகூப்பினேன்; அவர் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அளிக்கவொட்டாது தடுத்தது குரோதம். கேட்கவொட்டாது தடுத்தது மானம். ஒருநாள் சென்றேன். "நான் கடுஞ்சொல் பேசியது தவறு" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தார். வரப்பை நில அளவையர் அளந்து முடிவு செய்யட்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு நெஞ்சில் கனல் இல்லை. அவர் மனம் அவர் வினை. என் சினத்தை உதிர்ப்பதே என் கடன்.

இன்று வீடு திரும்புமுன் ஒரே ஒரு பெயரை எண்ணிப் பாருங்கள். சொல்லத் தயங்கும் அப்பெயரிலிருந்தே உங்கள் க்ஷமாவணி தொடங்குகிறது.

என் உரையில் பிழை இருப்பின் பொறுத்தருள்க. உத்தம க்ஷமா.